டேவ் செய்த ஜாடிகளும் இன்றைய செராமிக் சிற்பங்களும் ஒரே அறையில்: சரியா, தவறா?

#1 ஆற்றுமணல்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக இந்த இழையைத் தொடங்க நினைத்திருந்தேன்.

அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலத்தில் எட்ஜ்ஃபீல்டு என்றொரு பகுதி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்லைப் போல இறுகச் சுட்ட மண்பாண்டப் பட்டறைகள் நிறைய இருந்தன. மண் வெட்டியது, மிதித்தது, வனைந்தது, விறகு பிளந்தது, சூளை எரித்தது எல்லாமே பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அவர்களில் நமக்குப் பெயரோடு தெரிய வரும் பெரிய கைவினைஞர் டேவ். அடிமைமுறை ஒழிந்தபின் டேவிட் டிரேக் என்ற முழுப்பெயரில் பதிவாகியிருக்கிறார். 1801 வாக்கில் பிறந்தவர். அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் 1818ஆம் ஆண்டின் ஓர் அடமானப் பத்திரம். சுமார் 17 வயதுப் பையன் என்று அதில் ஒரு வரி. வீட்டையும் நிலத்தையும் போல ஆளையே அடகு வைத்திருக்கிறார்கள்.

இந்த மனிதர் தான் வனைந்த ஜாடிகளில் பெயர் எழுதினார், தேதி எழுதினார். சிலவற்றில் ஈரடிப் பாடலும் எழுதினார். பாடல் உள்ளவை சுமார் 40 கிடைத்திருக்கின்றன. பாடலோடு தேதியும் உள்ளவற்றில் பழையது 1834 ஜூலை 12ஆம் தேதியது. இடைவெளி இல்லாமல் நிரப்பு, இந்த ஜாடி நிச்சயம் 14 கொள்ளும் என்பது அதன் பொருள். கொள்ளளவைத்தான் சொல்கிறார், ஆனால் எதுகையோடு சொல்கிறார்.

இந்த ஜாடிகளை நடுவில் வைத்து 'ஹியர் மீ நவ்' என்ற கண்காட்சி 2022 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. பிறகு பாஸ்டன், ஆன் ஆர்பர், அட்லாண்டா என்று 2024 வரை போனது. நான் பாஸ்டனில் பார்த்தேன். பழைய ஜாடிகளோடு சிமோன் லீ, தியாஸ்டர் கேட்ஸ், அடெபுன்மி பாடெபோ, வுடி டி ஒதெல்லோ, ராபர்ட் புரூயிட் ஆகிய இன்றைய கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளையும் வைத்திருந்தார்கள்.

என்னோடு வந்த நண்பருக்கு அது பிடிக்கவில்லை. "டேவுக்கு எந்தத் துணையும் வேண்டாம், தனியாக விட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் இன்றைய படைப்புகள் இல்லாமல் போயிருந்தால், பெயர் எழுதிவைத்த ஒருவரை மட்டும் கொண்டாடிவிட்டு, எழுதத் தெரியாமலோ எழுத முடியாமலோ போன நூற்றுக்கணக்கான பேரை மறுபடி ஒருமுறை மறந்திருப்போம் என்பதுதான் என் எண்ணம்.

மண்பாண்டம் தெரிந்தவர்கள், அமெரிக்க வரலாறு படித்தவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

#2 சூளைக்காரி

ஆற்றுமணல் அண்ணா, நல்ல இழை. நான் புதுச்சேரிப் பக்கம் ஸ்டோன்வேர் செய்கிறவள். ஒரே அறையில் வைக்கலாமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஜாடியைப் பற்றி ஒரு கைவேலைக்காரியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

டேவ் 25 கேலன் ஜாடிகள் செய்திருக்கிறார். கிட்டத்தட்ட 95 லிட்டர். 1859இல் செய்த இரண்டு ஜாடிகள் 40 கேலன் அளவு, அதாவது 150 லிட்டர். இதை ஒரே மண் உருண்டையில் இருந்து சக்கரத்தில் இழுத்து எழுப்ப யாராலும் முடியாது. அடிப்பகுதியை மட்டும் சக்கரத்தில் வனைந்து, அது கொஞ்சம் இறுகியதும் விளிம்பின் மேல் தடித்த மண் திரிகளைச் சுற்றி அடுக்கி, உள்ளும் புறமும் அழுத்தி ஒட்டி, மறுபடி சக்கரத்தைச் சுற்றவிட்டு அந்தத் திரிகளையே சுவராக இழுக்க வேண்டும். அடுத்த கட்டுக்கும் இதே வேலை. ஒட்டில் காற்று நின்றால் சூளையில் பிளக்கும். அடிப்பாகம் சரியாக இறுகாவிட்டால் மேல் எடை தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடும். டேவின் பெரிய ஜாடிகளில் தோள்தான் மிக அகலம். கீழே குறுகி மேலே விரியும் வடிவம் அது. இருப்பதிலேயே கடினமான வடிவத்தைத்தான் அவர் விரும்பிச் செய்திருக்கிறார்.

மேற்பூச்சு விறகுச் சாம்பலோ சுண்ணாம்போ, மணல், களிமண் சேர்த்த காரத்தன்மையுள்ள (அல்கலைன்) கலவை. கிழக்காசியாவில் இரண்டாயிரம் ஆண்டாக இருந்த முறை இது. அமெரிக்காவில் எட்ஜ்ஃபீல்டில்தான் 1810களில் தலையெடுத்தது. ஈயப் பூச்சு உணவில் விஷம் இறக்கும், இதில் அந்தப் பயம் இல்லை. 1200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் உருகி வழியும். பாசிப் பச்சை, தேன் நிறம், கரும்பழுப்பு என்று ஒரே ஜாடியில் மூன்று நிறம் வரும். பாட்டர்ஸ்வில் என்ற பட்டறைக் குடியிருப்பில் அகழ்ந்தபோது கிடைத்த சூளையின் நீளம் 105 அடி. அவ்வளவு நீளச் சூளையை எரித்துச் சூட்டை ஏற்றி நிறுத்த எத்தனை பேர், எத்தனை வண்டி விறகு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. எழுத்து. பச்சை மண்ணில் எழுதினால் பிசிறு எழும்பும், காய்ந்த மண்ணில் எழுதினால் சுவர் உதிரும். அரை ஈரத்தில் இருக்கும் சில மணி நேரத்தில்தான் கூர்முனைக் குச்சியால் சுத்தமாகக் கீற முடியும். ஆழமும் வேண்டும். பூச்சு உருகி வந்து கோட்டுக்குள் தேங்கும், மெல்லிய கீறலாக இருந்தால் மூடிக்கொள்ளும். அப்புறம் அவ்வளவு பெரிய ஜாடி காய நாள் கணக்காகும். அத்தனை நாளும் அது பட்டறையில் எல்லார் கண் முன்னாலும் நிற்கும். எழுதியதை யாரிடமும் மறைக்க முடியாது. அதனால் டேவ் ஒளிந்து எழுதினார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதலாளி லூயிஸ் மைல்ஸின் பெயர் எழுத்துகளும் அதே தோளில்தான் இருக்கின்றன.

#3 சென்ட்ரல்டூபீச்

எழுதப் படிக்கத் தெரிந்தால் தண்டனை என்று படித்திருக்கிறேனே? அப்படியென்றால் முதலாளி எப்படி விட்டுவைத்தார்?

#4 கிளைநூலகர்

தம்பி, சட்டத்தைச் சரியாகப் பார்த்துவிடுவோம்.

சவுத் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். அதன் எதிரொலியாக 1740இல் வந்த சட்டம் அடிமைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதைத் தடைசெய்தது. பிறகு 1834 டிசம்பரில் இன்னும் கடுமையாக ஒரு சட்டம். வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதும் குற்றம். வெள்ளையர் கற்பித்தால் அபராதமும் சிறையும், அடிமை ஒருவர் இன்னொருவருக்குக் கற்பித்தால் ஐம்பது வரை கசையடி. தண்டனை முக்கியமாகக் கற்பிப்பவர் மேல்தான் விழுந்தது. ஆனால் எழுதத் தெரிந்த அடிமையை எல்லாரும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். வெளியே போக முதலாளி தரும் அனுமதிச் சீட்டைத் தானே எழுதத் தெரிந்தவன் ஓடிப்போகலாம் என்ற பயம்.

ஆற்றுமணல் சொன்ன அந்த முதல் பாடல் ஜாடியின் தேதி 1834 ஜூலை. சட்டம் நிறைவேறுவதற்கு ஐந்து மாதம் முன்பு. சட்டம் வந்த பின்னும் 1836லும் 1840லும் பாடல்கள் இருக்கின்றன. 1840 ஜூலை 31ஆம் தேதியது, டேவ் மைல்ஸ் ஐயாவுக்குச் சொந்தம், அடுப்பு வேகும் இடம், பானை கொதிக்கும் இடம் என்கிறது. அதன்பின் 1857 வரை பாடல் உள்ள ஜாடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பதினேழு ஆண்டு. பெயரும் தேதியும் மட்டும் உள்ள ஜாடிகள் நடுநடுவே வருகின்றன.

எப்படிப் படித்தார் என்பதற்கு ஆவணம் இல்லை. பாட்டர்ஸ்வில் பட்டறையை நிறுவிய ஆப்னர் லாண்ட்ரம் 'எட்ஜ்ஃபீல்டு ஹைவ்' என்ற பத்திரிகையும் நடத்தினார். டேவ் அந்த அச்சகத்தில் வேலை செய்து எழுத்துக் கற்றிருக்கலாம் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது.

சூளைக்காரி சொன்னதில் எனக்கும் உடன்பாடு. முதலாளிக்குத் தெரிந்துதான் நடந்தது. ஆனால் முதலாளி கண்டும் காணாமல் இருந்ததை உரிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டேவ் பலமுறை கைமாறியவர். ஒரு முதலாளி அனுமதித்ததை அடுத்தவர் நிறுத்தலாம். ஒவ்வொரு முறை குச்சியை எடுத்தபோதும் அந்த ஆபத்து இருந்தது.

#5 பழையநாணயம்

ஜாடிகள் மகத்தானவை, அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் ஆற்றுமணல் அவர்களின் நண்பர் பக்கம்தான் நான்.

அந்தக் கண்காட்சியை நானும் பார்த்திருக்கிறேன், அட்லாண்டாவில். இன்றைய கலைஞர்களின் படைப்புகள் கலைக்கூட வெளிச்சத்துக்காகவே செய்தவை. அளவு பெரிது, மினுமினுப்பு அதிகம், கூட்டம் அங்கே போய்ப் படம் எடுக்கிறது. டேவின் ஜாடி உப்புக்கண்டம் போட்டு வைக்கச் செய்தது. பழுப்பு நிறம், பக்கவாட்டில் வழிந்த பூச்சு, கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் எழுத்தே கண்ணுக்குப் படும். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் பார்வையாளர் எதைப் பார்ப்பார்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. இன்றைய பெயர்கள் சேர்ந்தால்தான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரும், செய்தி வரும். சிமோன் லீ 2022இல் வெனிஸ் பியெனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சிக்கு அமெரிக்காவின் பிரதிநிதியாகப் போன முதல் கறுப்பினப் பெண், தங்கச் சிங்கம் விருதும் வாங்கியவர். அவர் படைப்பு மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அவர் புகழில் டேவ் ஏறி நிற்க வேண்டிய தேவை என்ன?

#6 தென்திசை

நான் இன்னும் ஒரு படி கடுமையாகச் சொல்வேன். டேவைக் "கலைஞர்" என்று இன்றைய கலைஞர்களின் வரிசையில் நிறுத்துவதே எனக்கு உறுத்துகிறது.

கலைஞர் என்றால் நம் மனதில் வரும் ஆள் யார்? எதைச் செய்யலாம், எப்போது செய்யலாம், செய்ததை யாருக்குக் கொடுக்கலாம் என்று தானே முடிவெடுப்பவர். டேவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் வனைந்த ஜாடிகள் எதற்குப் போயின? பன்றி இறைச்சியும் கொழுப்பும் போட்டுவைக்கத் தோட்டங்களுக்குப் போயின. அந்த இறைச்சியில் இருந்துதான் அடிமைகளுக்கு வாரப் படி அளந்தார்கள். பருத்தித் தோட்டம் ஓட அந்த ஜாடி வேண்டியிருந்தது. லாபம் மைல்ஸுக்கும் லாண்ட்ரம் குடும்பத்துக்கும்.

1858 ஏப்ரல் 12 தேதியிட்ட ஒரு ஜாடி 2021இல் ஏலத்துக்கு வந்தது. நான்கு கைப்பிடி உள்ள மிகப் பெரிய ஜாடி, புது இறைச்சியை நிரப்பு, பிறகு மெழுகுவத்தி ஏற்று என்று அதில் எழுதியிருக்கிறார். 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஆர்கன்சாவில் உள்ள கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அமெரிக்க மண்பாண்டத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. செய்தவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவர் வாரிசுகளுக்கும் இல்லை. "மாபெரும் கலைஞர்" என்று சொல்லச் சொல்ல விலை ஏறுகிறது, அடிமைமுறை பின்னணிப் படமாகப் போய்விடுகிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

#7 சூளைக்காரி

தென்திசை தோழர், விலை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் "கலைஞர் இல்லை" என்பதை என்னால் ஏற்க முடியாது. முதலாளி கேட்டது ஜாடி. ஜாடிக்குப் பாடல் தேவை இல்லை, அவ்வளவு அழகான தோள்வளைவும் தேவை இல்லை. சுவர் நேராக நின்றாலே இறைச்சி கெடாமல் இருக்கும். கேட்டதற்கு மேல் அவர் கொடுத்தது எல்லாம் அவர் தானாக எடுத்த முடிவு. எல்லாம் பறிக்கப்பட்ட இடத்திலும் அவ்வளவு முடிவெடுத்திருக்கிறார் என்றால், அதைக் கலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? நானும் தினமும் வனைகிறேன். என் மண் எனது, என் நேரம் எனது. அப்படி இருந்தும் தேவைக்கு மேல் ஒரு கோடு போடச் சோம்பல் வருகிறது.

#8 கிளைநூலகர்

1857 ஆகஸ்ட் 16இல் ஒரு ஜாடி செய்கிறார். என் உறவெல்லாம் எங்கே என்று நினைத்துப் பார்க்கிறேன், எல்லாருக்கும் எல்லா நாட்டுக்கும் நட்பு என்பது அதன் கருத்து. இப்போது கிரீன்வில் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த ஆறாம் நாள், 1857 ஆகஸ்ட் 22, இன்னொரு ஜாடி. இந்த ஜாடியைக் காசுக்காகச் செய்தேன், ஆனாலும் காசைக் குப்பை என்கிறார்கள் என்கிறது. அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருப்பது.

ஒரே வாரம். பதினேழு ஆண்டு பாடல் இல்லாமல் இருந்த கை, அந்த ஒரு வாரத்தில் முதலில் பிரிந்துபோன சொந்தங்களைக் கேட்கிறது, பிறகு பணத்தைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய குடும்பத்தினர் லூசியானாவுக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆள் விற்பனை எங்கும் நடந்த காலம். உறவும் காசும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தென்திசை கேட்கும் கேள்வியை 1857இலேயே அவர் தன் ஜாடியில் கேட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

#9 ஆற்றுமணல்

எல்லாருக்கும் நன்றி. பழையநாணயம் ஐயாவுக்கும் தென்திசைக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கண்காட்சியில் டேவ் ஜாடிகளுக்கு அடுத்து ஒரு பகுதியில் முகக் குடங்கள் இருந்தன. அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, எனக்கு எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

சின்னக் குடங்கள். கையில் அடங்கும் அளவில்கூட உண்டு. குடத்தின் உடம்பிலேயே ஒரு முகம். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளைக் கேயோலின் களிமண்ணில் தனியாகச் செய்து பதித்தவை, பூச்சு இல்லாதவை. கரும்பச்சை முகத்தில் இருந்து அந்த வெள்ளைக் கண் நம்மையே பார்க்கிறது. ஒரு குடத்தின் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கிச் செருகியது போல இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. குறிப்பில் செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் தெரியாது என்று இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808 முதலே அமெரிக்காவில் சட்டவிரோதம். அப்படியும் 1858 நவம்பரில் 'வாண்டரர்' என்ற கப்பல் காங்கோ ஆற்றுப் பகுதியில் இருந்து 400க்கும் மேற்பட்டவர்களைக் கடத்தி வந்து ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் இறக்கியது. அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எட்ஜ்ஃபீல்டு பக்கம் வந்து சேர்ந்தார்கள். முகக் குடங்கள் பெருகுவது அதை ஒட்டிய காலத்தில்தான். காங்கோ மக்களின் வழிபாட்டுப் பொருள்களிலும் வெள்ளைக் களிமண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. இறந்தோர் உலகின் நிறம் அவர்களுக்கு வெள்ளை. அதனால் இவை தண்ணீர்க் குடங்கள் இல்லை, அவர்கள் கொண்டுவந்த நம்பிக்கையின் பாத்திரங்கள் என்பது இன்று பலர் ஏற்கும் கருத்து. எழுத்தில் கிடைப்பது பட்டறை முதலாளி ஒருவர் பிற்காலத்தில் சொன்ன குறிப்பு. தன் அடிமைகள் ஓய்வு நேரத்தில் தமக்காகச் செய்துகொண்டவை என்று மட்டும் சொல்கிறார். செய்தவர்கள் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

சிமோன் லீ செய்தது என்ன என்று இந்த இடத்தில் பார்க்க வேண்டும். 1882இல் சவுத் கரோலினாவின் ஏய்க்கன் ஊரில் ஒரு வெள்ளைக்காரப் புகைப்படக்காரர், ஒரு கறுப்பினப் பெண்ணை முகக் குடத்தின் பக்கத்தில் உட்காரவைத்துக் கேலிக்காக ஒரு படம் எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. வெனிஸில் லீ வைத்த சிற்பங்களில் ஒன்று அந்தப் பெண்ணின் உருவத்தில் இருந்து பிறந்தது. சிற்பத்தின் பெயர் 'அனானிமஸ்', அதாவது பெயர் தெரியாதவர். பாஸ்டனில் நான் பார்த்த அவருடைய பெரிய குடத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சோழிகள் புடைத்து நின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் சோழி பணமாக ஓடியது, ஆள்களை வாங்க விற்கவும் அதைக் கொடுத்தார்கள். பெரிதாக இருக்கிறது, மினுங்குகிறது என்பது உண்மைதான் ஐயா. ஆனால் அந்தப் பெரிய குடத்தைப் பார்த்துவிட்டுச் சின்ன முகக் குடத்துக்குத் திரும்பி வந்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன். முதல் சுற்றில் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போனவர்கள் இரண்டாம் சுற்றில் குனிந்து நின்றார்கள்.

பாடெபோவின் வேலை இன்னும் நேரடியானது. அவருடைய தாய்வழி முன்னோர்கள் சவுத் கரோலினாவின் ஃபோர்ட் மோட் பக்கம் 'ட்ரூ ப்ளூ' என்ற தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கே அவர்கள் புதைந்திருக்கும் இடுகாட்டு மண்ணையே எடுத்து வனைகிறார். மனித முடியைச் சேர்க்கிறார், சில பாத்திரங்களில் கரோலினா நெல்லையும் பதிக்கிறார். பூச்சு கிடையாது, வெடிப்பும் செம்மண் நிறமுமாக இருக்கும். அது டேவின் ஜாடியை மறைக்க வந்த பொருள் இல்லை. பட்டறையில் மண் மிதித்து, பாடல் எழுதாமல், எந்த ஏலப் பட்டியலிலும் வராமல் அந்த மண்ணுக்குள்ளேயே போனவர்கள் அந்த அறைக்குள் வர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். இன்றைய படைப்புகள் டேவைக் கலைஞர் என்று உயர்த்த அங்கே நிற்கவில்லை, அதற்கு அவை தேவையும் இல்லை. பெயரில்லாத குடங்களுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், அதைச் செய்கின்றன.

#10 பழையநாணயம்

முகக் குடங்களைப் பற்றி ஆற்றுமணல் சொன்னதை மறுக்கவில்லை. அந்தப் பகுதிக்கு லீயின் படைப்பு பொருந்துகிறது, பாடெபோவின் பாத்திரங்களும் பொருந்துகின்றன. என் குறை இன்னும் டேவ் ஜாடிகள் பற்றியது. அவற்றை நடுவில் தனியாக, நான்கு பக்கமும் சுற்றி வர இடம் விட்டு வைத்தால் போதும். பாடல் ஒரு பக்கம் இருக்கும், பெயரும் தேதியும் மறு பக்கம் இருக்கும். சுவரை ஒட்டி வைத்தால் பாதி எழுத்து போய்விடும். இதை எந்த அருங்காட்சியகமும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது என் வெகுநாள் வருத்தம்.

தியாஸ்டர் கேட்ஸ் விஷயம் வேறு. அவர் முறையாக மண்பாண்டம் படித்தவர், ஜப்பானில் டோக்கோனாமேயில் கற்றவர். 2010லேயே மில்வாக்கி கலை அருங்காட்சியகத்தில் டேவை மையமாக வைத்து ஒரு கண்காட்சி செய்தார். டேவின் வரிகளைப் பெரிய பாடகர் குழுவை வைத்துத் தேவாலயப் பாட்டாகப் பாடவைத்தார். அதை மதிக்கிறேன். டேவை உலகம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பார்த்தவர்.

#11 சென்ட்ரல்டூபீச்

வாரிசுகளுக்கு ஒன்றும் இல்லை என்று தென்திசை அண்ணன் சொன்னாரே. டேவுக்கு வாரிசு இருக்கிறார்களா?

#12 தென்திசை

இருக்கிறார்கள் தம்பி. அந்த ஏலத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், என் வாதத்துக்கே அது முக்கியம்.

2025இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடம் இருந்த டேவின் இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய வழித்தோன்றல்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இரண்டும் 1857இல் செய்தவை. அதில் ஒன்றை அருங்காட்சியகமே அவர்களிடம் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதாவது முதல்முறையாக அந்த ஜாடிக்குச் செய்தவரின் குடும்பத்துக்குப் பணம் போயிருக்கிறது. மற்றது குடும்பத்தின் சொத்தாக இருந்தபடியே அங்கே இரவலாக வைக்கப்பட்டது. நாஜிகள் யூதக் குடும்பங்களிடம் பறித்த ஓவியங்களைத் திருப்பித் தருவதற்கு இருக்கும் அதே நியாயத்தை இங்கே பொருத்தியிருக்கிறார்கள்: செய்தவருக்குத் தன் வேலையின் மேல் உரிமையே இல்லாத நிலையில் கைமாறிய பொருள் இது.

கிளைநூலகர் சொன்ன அந்தக் காசு ஜாடி இந்த அருங்காட்சியகத்தினுடையதுதான். கண்காட்சி அறையில் இந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் தொங்கவிட்டால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். 1818 அடமானப் பத்திரம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அதற்கு நடுவில் நீங்கள் யாருடைய சிற்பத்தை வேண்டுமானாலும் வையுங்கள்.

மீதிப் பாதி எதிர்ப்பு மற்ற அருங்காட்சியகங்கள் மேல். டேவ் ஜாடி வைத்திருக்கும் இடங்கள் நிறைய. தனியார் சேகரிப்புகளும் இருக்கின்றன. அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

#13 கிளைநூலகர்

அந்த இரண்டு பத்திரத்தோடு மூன்றாவதாக ஒன்றையும் தொங்கவிட வேண்டும். 1870 மக்கள்தொகைக் கணக்கில் எட்ஜ்ஃபீல்டில் டேவிட் டிரேக், வயது 70, தொழில் வனைபவர் என்று பதிவு இருக்கிறது. விடுதலைக்குப் பின் வந்த முதல் கணக்கு அது. அதற்கு முந்தைய கணக்குகளில் அடிமைகளுக்குப் பெயரே எழுத மாட்டார்கள். முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் போன்ற விவரங்கள் மட்டும்தான். ஆக, அரசாங்கம் அவர் பெயரை எழுதுவதற்கு 36 ஆண்டு முன்பே அவர் பாடலோடு தேதியை மண்ணில் எழுதிவிட்டார்.

#14 சூளைக்காரி

ஒரே அறையில் வைக்கலாமா என்ற முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் பதில், வைக்கலாம், ஆனால் ஒரு மாற்றம் வேண்டும்.

1859 மே 13 தேதியிட்ட அந்த 40 கேலன் ஜாடிகள் சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய உன்னத ஜாடி, ஆடோ செம்மறியோ கரடியோ கொள்ளும் என்பது ஒன்றில் உள்ள பாடல். அதில் டேவ் பெயர் மட்டும் இல்லை. டேவ், பேட்லர் என்று இரண்டு பெயர். அந்த அளவு ஜாடிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது சக்கரத்தில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் சுவரை எழுப்ப வேண்டும், திரி உருட்டிக் கொடுக்க வேண்டும், தூக்கி இறக்க வேண்டும். டேவுக்கு ஒரு கால் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையானால் இன்னொரு ஆள் இல்லாமல் வேலையே நடந்திருக்காது.

தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய ஜாடியில் உதவியாளரின் பெயரையும் டேவ் எழுதியிருக்கிறார். பெயர் எழுதும் உரிமை யாருக்கும் இல்லாத இடத்தில், தனக்குக் கிடைத்ததைப் பகிர்ந்திருக்கிறார். ஆனால் புத்தகம், சுவரொட்டி, தலைப்பு எல்லாவற்றிலும் டேவ், டேவ் என்றுதான் இருக்கிறது. பேட்லருக்கும் குறிப்பில் அதே அளவு எழுத்தில் பெயர் போட வேண்டும். நான் கேட்கும் மாற்றம் இதுதான்.

#15 பழையநாணயம்

பேட்லர் விஷயத்தில் நூறு சதவீதம் சூளைக்காரி பக்கம். இதற்காகவே சார்ல்ஸ்டன் போக வேண்டும்.

#16 ஆற்றுமணல்

போகிறவர்களுக்கு: சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்த 1859 ஜாடி, அங்கிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் கிரீன்வில் போனால் உறவைக் கேட்கும் 1857 ஜாடி. நடுவில் எட்ஜ்ஃபீல்டு ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏலத்தில் போனதைப் பார்க்க ஆர்கன்சாவில் பென்டன்வில். போகும் முன் அருங்காட்சியகத்துக்கு எழுதி, காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரவலில் வெளியூர் போயிருக்கலாம். சூளைக்காரி, பேட்லர் பெயர் பற்றிய உங்கள் கோரிக்கையை ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக எழுதித் தாருங்கள். இங்கே சம்மதிப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.

#17 சூளைக்காரி

இந்த வாரச் சூளை இறங்கியதும் எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், திருத்தம் சொல்லுங்கள்.